வளைந்த கம்பியும் நிமிர்ந்த கம்பியும்

ஒன்றரை முழ நீளமுள்ள ஒரு குழாயை முன்னிட்டு நம் இல்லத்தில் மூன்று வாரம் விவாதம் நடந்தது என்றால் நேயர்கள் நகைக்கக் கூடும். விவாதத்தில் கலந்துகொண்டவர் நால்வர்: சைக்கிளில் ஏறவேண்டிய நம் பெண், அவளுடைய தாயார், மேற்குத் தாம்பரத்தில் முப்பது வருஷமாகச் சைக்கிள் பழுது பார்த்து வரும் ஒரு பெரியவர், நாம். இந்நால்வரில் பௌதிக சாஸ்திரம் படித்துப் பட்டம் பெற்றவர் நாம் ஒருவரே. ஆரம்பத்தில் தவறான கட்சியில் நின்றவரும் நாம் ஒருவரே என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

வாகனத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. அதற்குக் கடைக்காரர் சொன்ன பெயர் மலைச் சைக்கிள். தாம்பரத்தில் மலை ஏது என்று கேட்பீர்கள். பல்லாவரத்தில் ஒரு குன்று உண்டு. ராபர்ட் புரூஸ் பூட் என்னும் துரை 1863-ஆம் வருஷத்தில் அந்தப் பல்லாவரத்தில்தான் ஆதி மனிதனின் கல்லாயுதம் ஒன்றைக் கண்டெடுத்தார். வண்டலூர்ப் பக்கம் போனால் இன்னும் சில குன்றுகள் தென்படும். அவற்றின் மேல் சைக்கிள் விடுகிறவர் யாரையும் நாம் பார்த்ததில்லை. நம்மவர்கள் இந்தச் சைக்கிளை வாங்குவது மலைக்காக அல்ல, பள்ளத்துக்காக. ஐப்பசி மழை ஓய்ந்த மறுநாள் முடிச்சூர்ச் சாலையிலோ வேளச்சேரிச் சாலையிலோ போய்வந்தவர்களுக்குப் பருத்த டயரின் மகிமையை எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

பத்து வருஷம் இந்தச் சைக்கிளில் நாம் பள்ளிக்கூடம் போய் வந்தோம். இப்போது நம் பெண் கிழக்குத் தாம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். பஸ்ஸுக்குக் காத்து நிற்பதில் போகும் நேரத்தில் இரண்டு முறை போய் வந்துவிடலாம் என்று அவளே கணக்குப் போட்டுக் காட்டினாள். சைக்கிள் அவளுக்கு என்று தீர்மானமாயிற்று. தீர்மானமான அதே வாரத்தில், கடைசி முறையாக நாம் அதில் வந்துகொண்டிருக்கும்போது, மழைநீர் நிரம்பிய ஒரு குழி நம்மை ஏமாற்றிவிட்டது. முழங்கையில் சிராய்ப்பு; அவ்வளவுதான். ஆனால் நம் பாரம் முழுவதையும் வாங்கிக்கொண்ட ஹாண்டில் பாரின் இடது பக்கம், வாடிய கீரைத்தண்டு போல் கீழே தொங்கிற்று.

பெரியவர் அதைப் பார்த்துச் சிறிதும் கலங்கவில்லை. ஓர் இரும்புக் குழாயை எடுத்து வளைந்த முனையில் சொருகினார். பிரேமின் மேல் ஒரு காலை வைத்தார். மூச்சைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். கம்பி நிமிர்ந்துவிட்டது. "அம்பது ரூபா குடுங்க சார். இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்றார். புதுக் கம்பிக்கு ஆகும் எழுநூறு எண்ணூறு ரூபாய் மிச்சமாயிற்று என்று நாமும் சந்தோஷமாக வீடு வந்து சேர்ந்தோம்.

நம் சகதர்மிணி சைக்கிளைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் செய்தாள். நிமிர்த்திய இடத்தில் விரலால் தடவிப் பார்த்தாள். அங்கே குழாயின் தோலில், துணியைக் கசக்கி நீவினால் இருக்குமே, அதைப் போல் மெல்லிய சுருக்கம் ஒன்று இருந்தது.

"இது ஒடிஞ்சா யாரோட பல்லு போகும்?" என்று கேட்டாள்.

ஒடியாது என்றோம். பெரியவரின் முப்பது வருஷ அனுபவத்தைச் சாட்சிக்கு அழைத்தோம். அவள் மேற்கொண்டு பேசவில்லை. பேசாமல் இருப்பது அவள் பேச்சைக் காட்டிலும் கனமானது.

சைக்கிள் விஷயத்தில் அவளுக்குள்ள அதிகாரம் சாமானியமானதன்று. அவள் பிறந்தது புதுக்கோட்டை ஜில்லா. 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்ததும், எழுத்துக் கற்க வந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றுக்கொண்டதும், அப்போது கலெக்டராயிருந்த ஸ்ரீமதி ஷீலாராணி சுங்கத் அதற்கு முன்னின்று ஊக்கம் கொடுத்ததும் நேயர்கள் அறிந்ததே. நம் மாமியாரும் அப்படிக் கற்றவர்களில் ஒருவர். பெண்களுக்கென்று செய்த சைக்கிள் போதுமான அளவு கிடைக்காமல் பலர் ஆண்கள் சைக்கிளையே பழகினார்கள். குழந்தையை முன்னால் உட்கார வைக்கக் குறுக்குக் கம்பி உபயோகமாகும் என்று அதையே விரும்பினவர்களும் உண்டு. அந்தக் கம்பியின் மேல் உட்கார்ந்து, ஹாண்டில் பாரை இரு கையாலும் பிடித்துக்கொண்டு ஊர் சுற்றிய குழந்தைதான் இன்று நம்மைக் கேள்வி கேட்கிறவள். ஹாண்டில் பார் ஒடிந்தால் பல் போகும் என்பது அவளுக்குப் புத்தக ஞானமன்று.

மறுநாள் எட்டாம் வகுப்பில் உலோகங்களின் குணங்களைப் பற்றிப் பாடம். வருஷந்தோறும் செய்வது போல், ஒரு துண்டு அலுமினியக் கம்பியை எடுத்து முன்னும் பின்னுமாக வளைத்துக் காட்டினோம். "முதல் முறை எளிதில் வளைகிறது. இரண்டாம் முறை கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. ஏன்? வளைந்த இடம் கெட்டிப்பட்டுவிட்டது. கெட்டிப்பட்டது மேலும் வளையாது, விரியும்" என்று சொல்லி முடிப்பதற்குள் கம்பி பட்டென்று இரண்டாயிற்று. பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். கையில் இரண்டு துண்டுகளை வைத்துக்கொண்டு நாம் சற்று நேரம் பேசாமல் நின்றோம். பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாது.

பெரியவர் பேரில் குற்றம் இல்லை. அவர் தொழில் கற்றது உருக்கின் காலத்தில். நம் தகப்பனார் வைத்திருந்த கறுப்புச் சைக்கிளை நினைத்துப் பார்க்கிறோம். அதில் ஹாண்டில் பார் வேறு, அதைத் தாங்கும் ஸ்டெம் வேறு என்ற பேச்சே கிடையாது. இரண்டும் பற்றவைத்து ஒன்றாக்கின ஒரே உறுப்பு. பிரேக்கும் ஒயர் அல்ல. கம்பியை ஒட்டியே ஓடி, சக்கரத்துக்கு இறங்கும் இரும்புத் தண்டு. கீழே போட்டால் வளையும், நிமிர்த்தினால் நிமிரும். உருக்குக்கு ஒரு பொறுமை உண்டு. ஓர் அளவுக்கு உட்பட்ட பாரமானால் அது லட்சக்கணக்கான தடவை குலுங்கினாலும் தாங்கிக்கொள்ளும். அலுமினியக் கலப்பு உலோகத்துக்கு, அதாவது கடைத்தெருவில் 'அலாய்' என்கிறார்களே அதற்கு, அப்படித் திட்டமான எல்லை இல்லை. சிறு குலுக்கல் ஒவ்வொன்றும் அதன் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். ஒரு முறை மடங்கி நிமிர்ந்ததானால் கணக்கில் பெருந்தொகை ஏறிவிட்டது என்று அர்த்தம். மேலுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாள் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது, முன் அறிவிப்பின்றி, கை கம்பியோடு தனியே வரும்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து, "புதுசு வாங்கி விடலாம்" என்றோம். நம் சகதர்மிணி, "ஏங்க, இன்னிக்கு எட்டாம் வகுப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

கம்பி வாங்குவதில் என்ன பிரமாதம் என்று நினைத்துப் புறப்பட்டோம். பெண்ணும் கூட வந்தாள். கடையில் வரிசையாகத் தொங்கின கம்பிகளில், கறுப்பு நிறத்தில், இரு கையையும் விரித்தாற்போல் அகலமான ஒன்றை அவள் காட்டினாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு காலையில் போகும் இளைஞர்கள் சிலரிடம் அப்படி இருக்கிறதாம். விலையைக் கேட்டோம், கொடுத்தோம், கொண்டுவந்தோம். நம் ஸ்டெம்மில் அது நுழையவில்லை. கடைக்காரரிடம் திரும்பக் கொண்டுபோனோம். விற்ற சாமானைத் திரும்ப வாங்குவதில்லை என்று எழுதித் தொங்கவிட்டிருந்த அட்டையை அவர் விரலால் சுட்டினார்.

பள்ளிக்கூட ஆய்வுச் சாலையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்துவந்தோம். வாங்கப் போகுமுன் செய்யவேண்டியதை வாங்கின பின் செய்வது நம் வழக்கம். பழைய கம்பியின் நடுப்பகுதி, அதாவது ஸ்டெம் கவ்வும் இடம், 25.4 மில்லிமீட்டர் குறுக்களவு. புதியது 31.8. கைப்பிடி மாட்டும் முனையோ இரண்டிலும் 22.2. ஸ்டெம்மின் மறுமுனை கவ்வுகிற போர்க்குத் தண்டு 28.6.

இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதுவது போல் ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தோம். என்ன விநோதமான எண்கள்! மில்லிமீட்டரில் அளந்து செய்கிறவன் இருபத்தைந்து என்று வைப்பான், முப்பது என்று வைப்பான், 25.4 என்று ஏன் வைக்கிறான்? அப்புறம்தான் வேஷம் கலைந்தது. 25.4 என்பது ஓர் அங்குலம். 22.2 என்பது முக்காலே அரைக்கால் அங்குலம். 28.6 ஒன்றே அரைக்கால். 31.8 ஒன்றேகால். 1956-இல் சட்டம் செய்து நம் தேசத்தில் மெட்ரிக் அளவைக் கொண்டுவந்தோம்; 1957-இல் அணாவும் போயிற்று. ஆனால் இங்கிலீஷ் அங்குலம் மட்டும் மில்லிமீட்டர் உடையை மாட்டிக்கொண்டு இன்றும் நம் ஹாண்டில் பாரில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. தைவானில் செய்தாலும் அங்குலந்தான். லூதியானாவில் செய்தாலும் அங்குலந்தான்.

லூதியானா என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சுதந்திரத்துக்கு முன் இந்த நாட்டில் ஓடின சைக்கிள்களில் பெரும்பாலானவை கப்பலில் வந்தவை. 1949-இல் நம் முருகப்பா குடும்பத்தார் இங்கிலீஷ் கம்பெனி ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் என்னும் ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். அம்பத்தூரில் தொழிற்சாலை எழுந்தது. வடக்கே முஞ்சால் சகோதரர்கள் லூதியானாவில் சைக்கிளின் உதிரிப் பாகங்களில் தொடங்கி, 1956-இல் முழுச் சைக்கிளுக்கு வந்தார்கள். இன்று நாம் கடையில் விலை பேசும் சாதாரணக் கம்பி அநேகமாக லூதியானாவிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். அதில் கேவலம் ஒன்றுமில்லை. (குரோம்பேட்டை என்னும் பெயர் சைக்கிள் கம்பியின் பளபளப்புக்குப் பூசும் குரோமியத்தால் வந்தது என்று நம் மாணவன் ஒருவன் பரீட்சையில் எழுதியிருந்தான். அந்தக் குரோம் தோல் பதனிட உபயோகித்தது. அங்கே இருந்த தோல் தொழிற்சாலையால் வந்த பெயர். அரை மார்க் கொடுத்தோம்.)

நிற்க. கம்பி பொருந்தவில்லை என்பது ஒருவிதத்தில் நன்மையாக முடிந்தது. ஸ்டெம்மையும் மாற்ற வேண்டியிருக்கிறது என்பது அதனால்தான் நம் புத்தியில் பட்டது. பழைய ஸ்டெம் நூறு மில்லிமீட்டர் நீளம். அது ஐந்தடி ஒன்பது அங்குலம் உள்ள நமக்கே சற்று எட்டாக்கையாக இருந்தது. பத்து வருஷமும் முன்னால் சாய்ந்து, உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்தில் பாரத்தை ஊன்றி ஓட்டியதன் பலனாக நம் இடது சுண்டுவிரல் அடிக்கடி மரத்துப்போகும். அந்த இடத்தில் ஒரு நரம்பு மேலாக ஓடுகிறது; அதை நாள்தோறும் அழுத்தினால் மரத்துப்போகாமல் என்ன செய்யும்? வயது ஆகிறது என்று நாம் நினைத்திருந்தோம். வயதல்ல, ஸ்டெம். பெண்ணின் உயரமோ ஐந்தடி ஒரு அங்குலம்.

கம்பி எவ்வளவு தூரத்தில் இருக்கவேண்டும் என்பதற்குப் பெரியவரிடம் ஒரு கணக்கு இருந்தது. முழங்கையை ஸீட்டின் மூக்கில் வைத்துக் கையை நீட்டினால் விரல் நுனி ஹாண்டில் பாரைத் தொடவேண்டும் என்பார். இது சட்டமன்று, கை நீளமும் முதுகு நீளமும் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் அமைவதில்லை. ஆனாலும் அலட்சியம் செய்யத்தக்கதுமன்று. பெண்ணின் விரல் நுனிக்கும் கம்பிக்கும் இடையே நான்கு விரற்கடை வெளி இருந்தது. அறுபது மில்லிமீட்டர் நீளமுள்ள ஸ்டெம், நடுவே 31.8 கவ்வுவது, தண்டில் 28.6 கவ்வுவது, சற்றே மேல்நோக்கிச் சாய்ந்தது என்று சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு இந்தத் தடவை கடைக்குப் போனோம். கடைக்காரர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு நம்மை மரியாதையோடு நோக்கினார்.

ஸ்டெம்மிலும் ஜாதி இரண்டு உண்டென்பதை இங்கே குறிப்பிடவேண்டும். பழைய மாதிரியில் ஸ்டெம் போர்க்குத் தண்டின் உள்ளே இறங்கும். அடியில் உள்ள ஆப்பு, மேலே போல்ட்டை முடுக்கினால் விரிந்து பிடித்துக்கொள்ளும். விலை குறைந்த சைக்கிள்களில் இன்றும் இதுவே. 1990-களில் பரவின புது மாதிரியில் ஸ்டெம் தண்டின் வெளிப்புறத்தைக் கவ்வும். ஒன்றுக்கு உரியது மற்றதற்கு ஆகாது. மேலே பார்த்தால் ஸ்டெம்மின் தலையில் ஒரு வட்ட மூடியும், பக்கவாட்டில் இரண்டு போல்ட்டுகளும் இருந்தால் அது புது மாதிரி. நம்முடையது அந்த ரகம்.

ஸ்டெம் குட்டையானால் வண்டி சட்டென்று திரும்புமே, குழந்தை தடுமாறமாட்டாளா என்று அவளுடைய தாயார் கேட்டாள். நியாயமான கேள்வி. திருப்பம் சுறுசுறுப்பாகும் என்பது உண்மை. ஆனால் கம்பி அகலமானால் அதே அளவு திரும்பக் கை அதிக தூரம் நகரவேண்டும். ஒன்றுக்கு ஒன்று ஈடு. மலைச் சைக்கிள் செய்கிறவர்கள் கடந்த முப்பது வருஷத்தில் ஸ்டெம்மைக் குட்டையாக்கிக்கொண்டும் கம்பியை அகலமாக்கிக்கொண்டும் வந்திருப்பது இதை அறிந்துதான். முன்னே 580 மில்லிமீட்டர் அகலம் சர்வ சாதாரணம். இப்போது 780 கூட அதிசயமில்லை.

இந்த மலைச் சைக்கிளின் பிறப்பே ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்தில் டமால்பாயிஸ் என்றொரு மலை இருக்கிறது. நம் காதுக்கு அந்தப் பெயரிலேயே யாரோ விழுந்த சத்தம் கேட்கிறது. 1970-களில் அந்தப் பக்கத்து இளைஞர்கள், 1930-களிலும் 40-களிலும் செய்த கனத்த பழைய சைக்கிள்களைக் குப்பையிலிருந்து மீட்டு, மலைமேல் ஏற்றி, மண் பாதையில் இறங்கினார்கள். ஒரு முறை இறங்கினால் பின்சக்கரத்துப் பிரேக்கில் உள்ள கிரீஸ் புகைந்துபோகும், மறுபடி அடைக்கவேண்டும். 1976-இல் அவர்கள் தொடங்கிய பந்தயத்துக்கு 'மறு அடைப்பு' என்று பொருள்படும் 'ரீபாக்' என்றே பெயர் வைத்தார்கள். அடுத்த வருஷமே ஜோ பிரீஸ் என்பவர் இந்தக் காரியத்துக்கென்று தனியாகச் சைக்கிள் செய்தார். பிடி தளராமல் இருக்க மோட்டார் சைக்கிள் மாதிரியான அகலக் கம்பிகளை மாட்டினார்கள். டாம் ரிச்சி என்பவர் செய்த கம்பியில், ஹாண்டில் பாரும் ஸ்டெம்மும் முக்கோணமாகப் பற்றவைத்த ஒரே உறுப்பு! நம் தகப்பனாரின் கறுப்புச் சைக்கிளிலிருந்து உலகம் அதிக தூரம் போய்விடவில்லை என்று நினைத்துக்கொண்டோம்.

அகல விஷயத்துக்கு வருவோம். நாம் தெரியாமல் வாங்கின கம்பி 760 மில்லிமீட்டர். டமால்பாயிஸ் மலையிலே அது தகும். ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பக்கம் பஸ்ஸும் மறு பக்கம் ஆட்டோவும் நெருக்கும் இடத்தில் அந்த அகலம் வம்பு. நம் வீட்டு இரும்புக் கேட்டில் நுழையவே கம்பியைச் சாய்த்துப் பிடிக்கவேண்டியிருந்தது. "அறுத்துவிடலாம்" என்றோம். பெண்ணின் முகம் வாடிவிட்டது. "அப்பா, அறுத்தால் ஒட்டாதே" என்றாள். பட்டதாரியின் வீட்டில் இந்த வாக்கியத்தைச் சொல்ல ஒருத்தியாவது இருக்கிறாளே!

ஆகவே ஒரு யுக்தி செய்தோம். அவளைத் தரையில் தண்டால் எடுக்கும் பாவனையில் உள்ளங்கைகளை ஊன்றச் சொன்னோம். எந்த அகலத்தில் ஊன்றினால் தோளுக்குச் சௌகரியமோ அதை ஒரு கையின் வெளி ஓரத்திலிருந்து மறு கையின் வெளி ஓரம் வரை அளந்தோம். 67 சென்டிமீட்டர். கைப்பிடிகளையும் பிரேக் லீவர்களையும் கியர் லீவர்களையும் அந்த அளவுக்கு உள்ளே தள்ளி வைத்து, கம்பியை அறுக்காமலே ஒரு வாரம் வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் ஓட்டச் சொன்னோம். வெளியே நீட்டின முனைகளுக்குத் துணி சுற்றி மூடி போட்டோம். திறந்த குழாய் முனையோடு விழுந்தால் வயிற்றைக் குத்திக் கிழித்துவிடும். நான்காம் நாள் அவளே இன்னும் ஒரு சென்டிமீட்டர் வெளியே தள்ளினாள். வார முடிவில், "இது போதும் அப்பா" என்றாள். 690-இல் நின்றது. பெரியவர் இரண்டு பக்கமும் சமமாக ரம்பத்தால் அறுத்து அரத்தால் தேய்த்துக் கொடுத்தார்.

இடையில் ஒரு சபலமும் உண்டாயிற்று, மறைப்பானேன்? பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைச் சந்தை கூடுகிறது. தையல் இயந்திரத்திலிருந்து தண்ணீர்ப் பம்பு வரை பழைய சாமான் எதுவும் அங்கே கிடைக்கும். ஸ்டெம்மைத் தேடிப் போனபோது, மேல்நாட்டு முத்திரையோடு, கரி நாரால் செய்த ஹாண்டில் பார் ஒன்று அடிமாட்டு விலைக்குக் கிடந்தது. கையில் எடுத்தால் புல்லாங்குழல் கனம் கூட இல்லை. எடுத்தோம், வைத்தோம், மறுபடி எடுத்தோம். பழைய நாற்காலி வாங்கினால் அதன் காலை ஆட்டிப் பார்க்கலாம். பழைய கம்பி எத்தனை தரம் கீழே விழுந்தது, யார் அதை எவ்வளவு முடுக்கினார்கள் என்பதை எதை ஆட்டிப் பார்த்து அறிவது? கரி நார், உள்ளே கீறல் கண்டிருந்தாலும் மேலே மினுமினுக்கும். ஐம்பது ரூபாய்க்கு நிமிர்த்தின கம்பியை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு இதை வாங்கிக்கொண்டு போனால் வீட்டில் எந்த முகத்தைக் காட்டுவது? வைத்துவிட்டு ஒரு பூந்தொட்டி வாங்கிக்கொண்டு வந்தோம்.

மாட்டுகிற நாள் வந்தது. பெரியவருக்கு நம் பேரில் சற்று மனத்தாங்கல். தாம் நிமிர்த்திக் கொடுத்ததை நாம் ஏற்கவில்லை என்பதே காரணம். அலுமினியக் கம்பியை அவர் எதிரிலும் வளைத்து ஒடித்துக் காட்டினோம். அவர் துண்டுகளை வாங்கி ஒடிந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "நம்ம கிட்ட இந்த மாதிரி நெறைய வந்திருக்கு சார்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எல் கீக் கொத்தை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

புது மாதிரி ஸ்டெம்மில் அநேகர் செய்யும் தவறு ஒன்று உண்டு. தலைமேல் உள்ள மூடியின் போல்ட்டுதான் ஸ்டெம்மைப் பிடித்திருக்கிறது என்று நினைத்து அதைப் பலங்கொண்ட மட்டும் முடுக்குவார்கள். அது பிடிப்பதற்கு அல்ல; கீழே உள்ள பேரிங்கின் ஆட்டத்தை நீக்குவதற்கு. முதலில் பக்கத்துப் போல்ட்டுகளைத் தளர்த்தி வைத்து, மூடியை மெதுவாக முடுக்கி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் கடகடவென்ற ஆட்டம் இருக்கக்கூடாது. கம்பியும் தடையின்றி இரு பக்கமும் திரும்பவேண்டும். அப்புறம் ஸ்டெம்மைச் சக்கரத்துக்கு நேராக வைத்துப் பக்கத்துப் போல்ட்டுகளை முடுக்கவேண்டும். ஸ்டெம்மைத் தாங்கிப் பிடிப்பவை அவைதான். தண்டின் தலை ஸ்டெம்மின் மேல் விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பதும் அவசியம். இல்லையேல் மூடி தண்டில் முட்டிக்கொண்டு நிற்கும், ஆட்டம் போகாது.

கம்பியைக் கவ்வும் முகப்புத் தகட்டில் நான்கு போல்ட்டுகள். நம் ஸ்டெம்மின் மேல் 'ஐந்து நியூட்டன் மீட்டர்' என்று பொறித்திருந்தது. பெரியவர் அதைத் தேசலான எழுத்து என்று விட்டுவிட்டார். நாம் விளக்கினோம்: பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள எல் கீயின் நுனியில் ஐந்து கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டால் உண்டாகும் திருகு அது, அதற்கு மேல் வேண்டாம். "அவ்வளவுதானா? நான் இருபது கிலோ முடுக்குவேனே!" என்றார். அப்படி முடுக்கினால் மெல்லிய குழாய் நசுங்கி, ஒடிவதற்கு அங்கேயே அச்சாரம் கொடுத்தாற்போல் ஆகும். ஒன்றை முடுக்கி முடித்து மற்றதற்குப் போகாமல் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினோம். தகட்டின் மேலிடைவெளியும் கீழிடைவெளியும் சமமாக நின்றன.

கம்பி பின்னோக்கிச் சற்றே வளைந்திருக்கும். அந்த வளைவு ஓட்டுகிறவரை நோக்கி, துளி மேல்முகமாக இருக்கவேண்டும். தலைகீழாக மாட்டிக்கொண்டு மணிக்கட்டு நோகிறது என்று தைலம் தேய்ப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். கைப்பிடி நுழைய எண்ணெய் தடவக்கூடாது. பிறகு ஓட்டும்போது கையோடு சுற்றும். சோப்புத் தண்ணீர் போதும், உலர்ந்ததும் இறுகிவிடும். கம்பி அகலமானதால் முன் பிரேக்கின் ஒயர் இழுபட்டது. முழுதும் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதை மாற்றினோம். பிரேக் லீவரின் கழுத்தில் ஒரு சிறு திருகு இருக்கிறது. அதை உள்ளே முடுக்கினால் லீவர் கம்பிக்கு அருகில் வரும். பத்து வருஷம் நாம் அதைக் கவனித்ததே இல்லை. பெண்ணின் குட்டை விரல்கள் இப்போது லீவரை எட்டிப் பிடிக்கின்றன. செலவில்லாத அந்தத் திருகுதான் எல்லாவற்றிலும் அவளுக்கு மிகவும் பிடித்தது.

கடைசிப் பரீட்சையை நம் சகதர்மிணி நடத்தினாள். முன்சக்கரத்தை இரு முழங்காலுக்கும் இடையே இறுக்கிக்கொண்டு, கம்பியின் இரு முனையையும் பிடித்துத் தன் பலம் முழுவதையும் செலுத்தி முறுக்கினாள். புதுக்கோட்டையில் கற்றது. கம்பி அசையவில்லை. "போயிட்டு வா" என்றாள் பெண்ணிடம். அவள் தெருக்கோடியில் திரும்பும் வரை இருவரும் வாசலில் நின்றோம்.

பழைய கம்பியை நாம் எறியவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், தொழிற்பயிற்சி மேஜையின் கவ்வியில் மாட்டி, பெரியவரிடம் இரவல் வாங்கின அதே இரும்புக் குழாயைச் சொருகி, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் முன் வளைத்தோம். நான்காம் முறை வளைத்தபோது சுருக்கம் இருந்த இடத்தில் தலைமயிர் போன்ற கோடு ஒன்று கண்டது. ஆறாம் முறை துண்டாயிற்று. பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், என் சைக்கிளைக் கொஞ்சம் வந்து பார்க்கிறீர்களா?" என்றான்.

மணி அடித்ததும் போய்ப் பார்த்தோம். அவன் அண்ணனுக்குச் சர்க்கார் இலவசமாகக் கொடுத்த சைக்கிள். கம்பி நேராகத்தான் இருந்தது. ஆனால் பையன் ஒரே வருஷத்தில் நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டதால், தண்டுக்குள் இறங்கும் அந்தப் பழைய மாதிரி ஸ்டெம்மைத் தானே மேலே தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். இதற்கு மேல் தூக்கக்கூடாது என்று ஸ்டெம்மில் பொறித்திருக்கும் கோடு இரண்டு விரற்கடை வெளியே தெரிந்தது. போல்ட்டைத் தளர்த்தி, அதன் தலையில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி ஆப்பை விடுவித்து, கோடு மறையும் வரை இறக்கினோம். ஸீட்டை மட்டும் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தோம். நேராக ஓடுகிறதா என்று பார்க்க அவன் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். அதற்குள் அவன் பின்னால் இன்னும் நான்கு சைக்கிள்கள் வரிசையில் நின்றிருந்தன.